தேநீர்க்கூடைக்காரனின் வசவு

கசாமா,
11 மே 1997

அன்புத் தம்பி எவரிஸ்தோவுக்கு,

நானும் உன் மகள் சொம்போவும் நலம். சாமான் லாரியில் முதுகு நோகாமல் முகாம் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். மழைக்காலம் முழுக்க வீட்டில் இருந்துவிட்டு நீ கிளம்பியதும் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. "அப்பா இந்நேரம் யானையப் பாத்திருப்பாரா அத்தை?" என்று சொம்போ நாளுக்கு ஒருதரமாவது கேட்கிறாள்.

அந்தக் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ புறப்பட்ட காலையில் சொம்போ உன் இடப்பக்கம் தண்ணீர்க் குவளையை நீட்டிக்கொண்டு நின்றாள். நீ திரும்பினாய், முழங்கை பட்டுக் குவளை உருண்டது. "ஏண்டி பூனை மாதிரி வந்து நிக்கிற?" என்று அவளைத் திட்டினாய். அவள் பூனை மாதிரி வரவில்லை. நீ செருப்பு மாட்டத் தொடங்கியதிலிருந்து அங்கேயேதான் நின்றாள். அப்புறம் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டாய். நாற்பது வருடமாக அதே நிலைதான் அங்கே இருக்கிறது.

அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போது உனக்கு ஏழு வயது, நினைவிருக்காது. எனக்குப் பதினான்கு. அவர் ஊசியில் நூல் கோர்ப்பார். ஆனால் பக்கத்தில் நிற்கும் அம்மாமேல் போய் மோதுவார். அவருக்கு ஐம்பது வயதானபோது கைபிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனவள் நான்.

நீ தையல்காரனாக இருந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். துப்பாக்கியோடு எல்லோருக்கும் முன்னால் நடக்கிறவன் நீ. உனக்குப் பின்னால் காட்டு மிருகம் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் உன் கண்ணை நம்பி வருகிறார்கள். யானை எப்போதும் நேர் எதிரில் வந்து நின்று வணக்கம் சொல்லுமா? எம்பிகா மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை கண் டாக்டர் வருகிறார். ஒரு நாள் லீவு கேட்டுப் போய்க் காட்டு.

சாப்பாட்டைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் நினைவாகவே இருக்கும் அக்கா,
சிபேசா


லுங்கோலே முகாம்,
8 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் சொம்போவும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் கடிதம் லாரியில் வெங்காய மூட்டையோடு வந்தது, இன்னும் அந்த வாசனை போகவில்லை.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை அக்கா. போன வாரம்தான் வனத்துறையில் எங்கள் எல்லோருக்கும் வருடாந்திர இலக்குச் சோதனை வைத்தார்கள். ஐந்து குண்டு, ஐந்தும் வட்டத்துக்குள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் ஒருவன் இரண்டைத் தவறவிட்டான். அதிகாரி என் முதுகில் தட்டி, "கழுகுக் கண்ணுய்யா உனக்கு" என்றார். அப்பாவின் கண் அப்பாவோடு போயிற்று.

முகாம் திறந்துவிட்டது. இந்த வருடம் கூடாரத்துக்குள்ளேயே குளியல் தொட்டி. ஒரு விருந்தாளிக்கு மூன்று தலையணை. மூன்றாவது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் ஆற்றின் முழங்கால் தண்ணீரில் நாற்காலி போட்டு, காலை நனைத்துக்கொண்டு ஒயின் குடிக்கிறார்கள். முதலை வருகிறதா என்று நான் கரையில் நின்று பார்க்கிறேன். நாலு நாள் இங்கே நடந்து திரிய அவர்கள் கொடுக்கும் பணத்தைச் சொன்னால் உனக்குத் தலை சுற்றும், அதனால் சொல்லவில்லை.

நம் யோசபாத் ஜெரே இந்த வருடமும் தேநீர்க்கூடைதான். முன்னால் நான், எனக்குப் பின்னால் முகாம் நடத்தும் ரோஜர் ஐயா, அப்புறம் வரிசையாக விருந்தாளிகள், கடைசியில் கூடையும் கேக்குமாக அவன். இருபது வருடமாகியும் அவன் வாய் மட்டும் ஓயவில்லை. நேற்று வந்ததும் வராததுமாக, "ஏண்டா குரங்கு தின்னி, இன்னும் சாகலையா நீ?" என்றான். "எலி தின்னி நீ இருக்கும்போது எனக்கென்ன அவசரம்?" என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பதறிப்போனாள். ரோஜர் ஐயா அவளுக்கு விளக்கினார்: "இவன் பெம்பா, அவன் ங்கோனி. இவங்க தாத்தாங்க ஒரு காலத்துல வெட்டிக்கிட்டாங்க. இப்ப பேரனுங்க மச்சான் முறை. என்ன வேணா திட்டலாம், யாரும் கோவிச்சுக்கக் கூடாது." அந்த அம்மா இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

இடையில் ஒரு கூடாரக் கயிறு தடுக்கி விழுந்தேன். இந்த வருடம் கயிறுகளைக் கண்டபடி கட்டியிருக்கிறார்கள். முட்டியில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

சொம்போவைக் கணக்கு ஒழுங்காகப் போடச் சொல்.

இப்படிக்கு, கழுகுக் கண் தம்பி,
எவரிஸ்தோ


கசாமா,
26 ஜூன் 1997

அன்புத் தம்பிக்கு,

நலம். சொம்போவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உன் முட்டி ஆறியதா?

கழுகுக் கண் என்று கையெழுத்துப் போட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும் என்று நினைத்தாயா? போன வாரம் ஒரு நாள் பள்ளியில் பாடம் எடுத்து முடித்ததும் இங்கே ஆஸ்பத்திரியில் கண் பிரிவு நர்ஸைப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நேரா இருக்கறத நல்லாவே பாப்பாங்க அம்மா. இலக்கு வச்சா சரியா சுடுவாங்க. ஓரம்தான் போகும். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி ஓரத்திலேர்ந்து அரிச்சுக்கிட்டே வரும். வலிக்காது, அதான் தெரியாது. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரலாம்" என்றாள்.

ஆகவே உன் ஐந்து குண்டு எனக்கு ஆறுதலாக இல்லை. அதைக் கேட்டதிலிருந்து பயம் கூடித்தான் இருக்கிறது.

அவள் ஒரு சின்னச் சோதனை சொல்லிக்கொடுத்தாள். வலக்கண்ணை மூடிக்கொள். எதிரில் ஒரு மரத்தையே பார். பார்வையை எடுக்காமல், இடது கையைக் காதுக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டு வா. விரல் எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது? நான் செய்தேன், காதைத் தாண்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொம்போவுக்கும் அப்படியே. நீ செய்துவிட்டு எனக்கு எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும் அக்கா,
சிபேசா


லுங்கோலே முகாம்,
27 ஜூலை 1997

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் எழுது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. லாரி இரண்டு வாரம் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டது, அது வந்த பிறகு எனக்கு நேரம் இல்லை.

இப்போது எங்கள் வசவு ஒரு காட்சியாகிவிட்டது, தெரியுமா? முகாமின் விளம்பரப் புத்தகத்தில் யானை படத்துக்குக் கீழே, "பழங்குடி மச்சான்களின் கேலிப் போர்" என்று போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நெருப்பைச் சுற்றி விருந்தாளிகள் உட்கார்ந்ததும், "எங்கே நம் மச்சான்கள்?" என்று ரோஜர் ஐயா கூப்பிடுவார். நான் ஒன்று சொல்ல, யோசபாத் ஒன்று சொல்ல, ஐயா மொழிபெயர்க்க, கைதட்டல்தான்.

முந்தாநாள் யோசபாத் எழுந்து நின்று, "ஐயாமாரே, அம்மாமாரே, உங்க முன்னால துப்பாக்கியோட நடக்கிறானே இந்த பெம்பாக்காரன், இவனுக்கு இடது பக்கம் கண்ணே தெரியாது. அந்தப் பக்கமா ஒரு காட்டெருமை வரணும்னா முதல்ல மனு எழுதிக் குடுக்கணும். நாளைக்கு என்ன நடக்குமோ, ஜெபம் பண்ணிட்டுப் படுங்க" என்றான். ரோஜர் ஐயா மொழிபெயர்க்கும்போதே சிரிப்பு அடக்க முடியாமல் நிறுத்திவிட்டார். ஒரு வயதான மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க" என்று அவர் மனைவி கேமராவைத் தூக்கினாள். யோசபாத் இரண்டாவது தரம் சொல்ல மாட்டேன் என்று போய் உட்கார்ந்துவிட்டான். இவனுக்கும் ரோஷம் வருகிறது பார்.

இன்னொரு வேடிக்கை. கடைசியில் நடக்க வேண்டிய அவன் கொஞ்ச நாளாகக் கூடையோடு முன்னால் வந்து என் இடப்பக்கமாக ஒட்டி நடக்கிறான். தேநீர் பாத்திரம் காதுக்குப் பக்கத்தில் கடகடவென்று சத்தம் போடுகிறது. "உன் நாத்தம் புடிச்சுத்தான் சிங்கம் ஓடுது, அதான் பக்கத்துல வரேன்" என்கிறான். ரோஜர் ஐயாவிடம் சொல்லிப் பழைய இடத்துக்கே அனுப்ப வேண்டும்.

மாம்பழம் வந்ததும் எனக்காகக் கொஞ்சம் உலர்த்தி வை.

அன்புடன் தம்பி,
எவரிஸ்தோ


லுங்கோலே முகாம்,
10 ஆகஸ்ட் 1997

குரங்குக் கறியில் வளர்ந்த மகாராணி சிபேசாவுக்கு, எலிகளின் அரசன் யோசபாத் ஜெரே எழுதுவது.

நீ நலமாக இருக்க மாட்டாய் என்று நம்புகிறேன், பெம்பாக்காரர்கள் நலமாக இருந்தால் எனக்கு வயிறு எரியும். நான் நலம். என் பல்லில் இரண்டு விழுந்துவிட்டன, மிச்சம் உன்னைக் கடிக்கப் போதும்.

உன் தம்பியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தச் சீமானுக்குக் கடவுள் வலப்பக்கம் மட்டும்தான் கொடுத்தார். இடப்பக்கத்தை உங்கள் குலத்தில் யாரோ விற்றுத் தின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. போன செவ்வாய் ஒரு காட்டெருமைப் பசு இருபது அடியில் நின்று மூச்சு விட்டது. துரை நேராகப் போய்க்கொண்டே இருக்கிறார், கல்யாண ஊர்வலம் மாதிரி. நான் இருமினேன். தும்மினேன். கடைசியில் உங்கள் பாட்டனாரைக் கெட்ட வார்த்தை சொன்னேன், அதற்குத்தான் திரும்பினார். எருமைக்கே வெட்கமாகிப் போய்விட்டது.

இது மூன்றாவது தரம். நாலாவது தரத்துக்கு நான் கூடையோடு ஓடத் தயாராக இல்லை, கூடையில் கேக் இருக்கிறது. ரோஜர் ஐயாவிடம் சொன்னேன், சிரித்தார். விருந்தாளிகளிடம் சொன்னேன், கைதட்டினார்கள். உன் தம்பியிடமே சொன்னேன், என்னைத் திட்டினான். மிச்சம் இருப்பவள் நீ. இந்தக் குருட்டுக் குரங்கை ஊருக்குக் கூப்பிட்டுக்கொள். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று தந்தி கொடு. உங்கள் அம்மா செத்துப் பத்து வருடமாயிற்று என்பது எனக்குத் தெரியும், பெம்பாக்காரனுக்கு அதெல்லாம் நினைவிருக்காது.

கூப்பிடு, கிழவி. சீக்கிரம்.

உன் குலத்தின் தீராத தொல்லை,
யோசபாத்


கசாமா,
24 ஆகஸ்ட் 1997

அன்புத் தம்பிக்கு,

நானும் சொம்போவும் நலம். உன் நலத்துக்கு எழுது.

உன் கூடைக்காரன் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறான்! எத்தனை நாளாயிற்று நான் இப்படிச் சிரித்து. பக்கத்து வகுப்பு ஆசிரியைகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். செத்துப்போன அம்மாவைச் சாகக் கிடக்கிறாள் என்று தந்தி கொடுக்கச் சொல்கிறான், அவன் நாக்கில் புழு விழ. எருமைக்கு வெட்கமாம்! எங்கள் தலைமையாசிரியருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

உண்மையைச் சொல்லட்டுமா? மூன்று மாதமாக என் மார்பில் ஏதோ உட்கார்ந்திருந்தது. அவன் கடிதம் வந்ததும் கொஞ்சம் லேசானேன். நிஜமாகவே உன் கண்ணில் கோளாறு இருந்தால் ஒரு மனிதன் இவ்வளவு விளையாடுவானா? நானே அப்பாவை நினைத்து நினைத்து ஒன்றைப் பத்தாக்கிக்கொண்டேனோ என்னவோ. அவன் உன்னைத் திட்டிக்கொண்டு இருக்கும்வரை எனக்குப் பயமில்லை.

இருந்தாலும் விரல் சோதனையைப் பற்றி நீ எழுதவே இல்லை. மறந்திருப்பாய். அக்டோபர் கடைசியில் முகாம் மூடியதும் வீட்டுக்கு வருகிற வழியில் டாக்டரிடம் காட்டிவிட்டு வா. அதுவரை அவசரமில்லை.

அந்த எலி தின்னியிடம் சொல், பதில் வசவு தயாராகிறது என்று.

அன்புடன் அக்கா,
சிபேசா


லுங்கோலே முகாம்,
28 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா?

இங்கே வெயில் அதிகம். ஆறு வற்றிக்கொண்டு வருகிறது. யோசபாத் லீவில் போயிருக்கிறான். கூடைக்கு வேறு ஆள் வந்திருக்கிறான். எனக்கு இப்போது முகாமுக்குள்ளேயே வேலை, விளக்குத் துடைப்பது மாதிரி. வேறு விசேஷம் இல்லை.

சொம்போவுக்கு என் முத்தம்.

எவரிஸ்தோ


கசாமா,
9 அக்டோபர் 1997

அன்புத் தம்பிக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை.

ஒரு பக்கம்கூட நிறையாத கடிதத்தை நீ எனக்கு எழுதியதே இல்லை. துப்பாக்கி தூக்குகிறவனுக்கு எதற்கு விளக்குத் துடைக்கிற வேலை? விருந்தாளிகள் நிறைந்து கிடக்கிற மாதத்தில் யோசபாத்துக்கு யார் லீவு கொடுத்தார்கள்? அவனுக்கு நான் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. வாங்கிய வசவைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிற ஆளா அவன்?

நேற்று எம்பிகா பஸ்ஸில் வந்த ஒருத்தி சந்தையில் சொன்னாள்: "பள்ளத்தாக்குப் பக்கம் ஏதோ வெள்ளைக்காரங்க முகாம்ல யானை அடிச்சிடுச்சாமே." யாரை என்று கேட்டேன். "யாரோ வேலைக்காரனாம்" என்றாள். வாங்கப் போன தக்காளியைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் கையெழுத்து வந்திருக்கிறது, அதனால் நீ உயிரோடு இருக்கிறாய். இதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. மறைக்காமல் எழுது.

அக்கா


கசாமா,
24 அக்டோபர் 1997

எவரிஸ்தோ,

பதினைந்து நாளாயிற்று. சொம்போ கேட்கிறாள், நான் எதையோ சொல்லிச் சமாளிக்கிறேன். அவன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. "கூப்பிடு, கிழவி. சீக்கிரம்" என்று எழுதியிருக்கிறான். நான் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், கூப்பிடவில்லை.

யோசபாத் உயிரோடு இருக்கிறானா? அதை மட்டும் சொல்.

சிபேசா


மிஷன் ஆஸ்பத்திரி, எம்பிகா,
5 நவம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

யோசபாத் உயிரோடு இருக்கிறான். முதலில் இதைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொள்.

செப்டம்பர் பதினாறு, காலை ஏழு மணி. நாலு விருந்தாளிகள். அதற்கு முந்தைய வாரம்தான் ரோஜர் ஐயாவிடம் சொல்லி யோசபாத்தைக் கடைசிக்கு அனுப்பியிருந்தேன். பாத்திரச் சத்தத்துக்கு மிருகம் விலகிப் போகிறது என்று காரணம் சொன்னேன். அது பொய் அக்கா. நீ சொன்ன விரல் சோதனையை உன் கடிதம் வந்த அன்றே செய்துவிட்டேன். விரல் மூக்குக்கு முன்னால் வருகிறவரை எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. அவன் எதற்கு என் இடப்பக்கம் வந்து நடக்கிறான் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அனுப்பினேன். துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டால் நான் யார்? கதவு திறக்கிற காவல்காரன். சொம்போவின் அப்பா யானைக்கு எதிரில் நிற்கிறவன் இல்லை என்றாகிவிடும்.

பாதை ஒரு புதரைச் சுற்றி வளைந்தது. ரோஜர் ஐயா எனக்கு முதுகைக் காட்டி, விருந்தாளிகள் பக்கம் திரும்பி ஏதோ மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யோசபாத் கத்தினான்: "மச்சான், இடது பக்கம்! யானைடா!"

நான் திரும்பவில்லை. "உங்க தாத்தாவப் பாத்து ஓடிச்சே, அதே யானையா?" என்று கத்தினேன். ரோஜர் ஐயா சிரித்தார். விருந்தாளிகளும் சிரித்தார்கள், முந்தின நாள் நெருப்பருகே பார்த்த காட்சிதானே. "டேய், நெசமாடா! நெசமா!" என்றான். அதற்கும் சிரித்தோம். இருபது வருடத்தில் அவன் எத்தனை தடவை நெசமாடா சொல்லியிருப்பான்.

அவன் ஓடி வந்து எனக்கும் அதற்கும் நடுவில் கூடையை வீசினான். கோப்பைகள் உடைகிற சத்தத்தில்தான் நான் திரும்பினேன். குட்டியோடு வந்த தாய் யானை, பத்தடி தூரம். சத்தம் வந்த பக்கம் போயிற்று, அதாவது அவன் பக்கம். நான் வானத்தில் சுட்டேன், இரண்டு குண்டு. அது போவதற்குள் அவன் வலது கால் போய்விட்டது. முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை நடந்தது. என் இலக்குச் சோதனைக் காகிதத்தைப் பார்த்தார்கள், ஐந்துக்கு ஐந்து, என்மேல் குற்றம் இல்லை என்றார்கள். கட்டிலில் கிடந்த யோசபாத்தும், "திடீர்னு வந்துடுச்சுங்க, யாராலயும் பாத்திருக்க முடியாது" என்றான். என்னைக் காப்பாற்றிவிட்டான். அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, துப்பாக்கியைத் தொடாமல் மூன்று நாள் விளக்குத் துடைத்தேன். அப்போதுதான் உனக்கு அந்த அரைப்பக்கக் கடிதம் எழுதினேன். நாலாம் நாள் ரோஜர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லித் துப்பாக்கியை மேசைமேல் வைத்தேன். அவர் அதிலிருந்த குண்டுகளைக் கழற்றி எடுத்தார். பிறகு, "அவன் என்கிட்ட சொன்னான். நான் அத விருந்தாளிங்களுக்கு மொழிபெயர்த்தேன்" என்றார்.

டாக்டர் பார்த்துவிட்டார். கண் அழுத்த நோய்தான். போன ஓரம் திரும்பி வராது, சொட்டு மருந்து விட்டால் இருப்பது நிற்கும்.

இதெல்லாம் பெரிதில்லை அக்கா. நான் தாங்க முடியாதது வேறு. தினமும் அவன் கட்டிலுக்குப் போகிறேன். அவன் என்னைத் திட்டுவதில்லை. "வாங்க, உக்காருங்க. சாப்டீங்களா?" என்கிறான். இருபது வருடத்தில் அவன் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. நேற்று நானே ஆரம்பித்தேன். "எலி தின்னி, ஒத்தக்கால்ல எலியை எப்படிடா துரத்துவ?" என்றேன். அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அமைதியாகச் சொன்னான்: "வேணாங்க. நான் விளையாடி விளையாடி என் வார்த்தைக்கு மதிப்பு இல்லாமப் போச்சு. உசுரு போற நேரத்துல கத்தினேன், நீங்க சிரிச்சீங்க. உங்கமேல தப்பு இல்ல. இனிமே நான் சொன்னா ஆளுங்க நம்பணும். அதனால விட்டுட்டேன்." அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நீ அவனுக்கு எழுது அக்கா. உனக்குத் தெரிந்ததிலேயே மோசமாகத் திட்டி எழுது. உனக்குப் பதில் வசவு போட அவன் கை துறுதுறுக்கும். எனக்கு இல்லாவிட்டாலும் உனக்காவது வரட்டும்.

தலைகுனிந்து நிற்கும் தம்பி,
எவரிஸ்தோ


கசாமா,
19 நவம்பர் 1997

எலிகளின் அரசனும் தேநீர்க் கோப்பைகளை உடைப்பவனுமான யோசபாத்துக்கு, குரங்கு வம்சத்து மகாராணி எழுதுவது.

நீ சாகவில்லை என்று கேள்விப்பட்டு மிகவும் வருந்தினேன். உன் கருமாதிக்கு வந்து, உன் வீட்டுக் கோழிகளையெல்லாம் பிடித்துப் போகலாம் என்று கூடை பின்னி வைத்திருந்தேன். பின்னிய கூடையை என்ன செய்வது?

ஒரு காலை யானைக்குக் கொடுத்துவிட்டாயாமே. அது அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் பட்டினி கிடந்ததாகக் கேள்வி. உன் தாத்தாக்கள் எங்கள் ஊர்மேல் படையெடுத்து வந்து, எங்கள் பெண்கள் உலக்கையைத் தூக்கியதும் ஓடினார்களே, அந்த ஓட்டத்தை இனி நீ எப்படி ஓடுவாய்? நொண்டியடித்தா?

இத்துடன் ஒரு போர்வை வருகிறது. எலி கடிக்காத கெட்டித் துணி. உனக்குப் பசித்தால் மட்டும் அதற்கு ஆபத்து.

பதில் எழுது, பல்லில்லாதவனே. நான் உன் கடிதத்தை ஊர் கூட்டி வாசித்துச் சிரித்த முட்டாள். அதற்காகவாவது என்னை நாலு வார்த்தை கேள். என் அப்பாவை, என் பாட்டியை, யாரை வேண்டுமானாலும் இழு. காத்திருக்கிறேன்.

உன் குலத்தின் தீராத தொல்லை,
சிபேசா


மிஷன் ஆஸ்பத்திரி, எம்பிகா,
14 டிசம்பர் 1997

மதிப்பிற்குரிய அம்மையார் சிபேசா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். நான் நலம். காயம் ஆறிவிட்டது. வரும் வாரம் மனைவியோடு எங்கள் ஊரான சிபாட்டாவுக்குப் புறப்படுகிறேன்.

தங்கள் கடிதமும் போர்வையும் கிடைத்தன. போர்வை மிகவும் இதமாக இருக்கிறது, நன்றி. கடிதத்தை என் மனைவி படித்துக் காட்டினாள். அவள் நன்றாகச் சிரித்தாள். தாங்கள் கேட்டபடி பதில் எழுத இரண்டு நாள் முயன்றேன். வரவில்லை. மன்னிக்க வேண்டும்.

தாங்கள் வாசித்துச் சிரித்ததை மனதில் வைத்துக்கொண்டு வருந்த வேண்டாம். சிரிக்கும்படி எழுதியது நான்தான்.

தங்கள் தம்பி நாளை கசாமா பஸ் ஏறுகிறார். அவருக்குக் காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு மருந்து, ஒரு நாளும் தவறக் கூடாது. சாலையில் போகும்போது அவருடைய இடப்பக்கம் யாராவது ஒருவர் கூட நடக்க வேண்டும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
யோசபாத் ஜெரே